மாப்பிள்ளைகள் வைத்த காவல்

பிரவுசரின் ஜன்னல் திரையில் விரிந்தது, வெள்ளையாக ஒரு கணம் நின்றது, மறைந்தது. அம்மா மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே கதை.

"வருதுடி. வந்த வேகத்துல போயிடுது," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மவுஸைப் பிடித்திருந்த கையின் விரல்கள் வெளுத்திருந்தன.

என் தங்கைக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அவள் இருப்பது விமானம் ஏறிப் போகவேண்டிய தூரம். பெட்டிக்கு மேலே ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள ஓர் இணையப் பக்கம். அம்மா தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு வந்து உட்கார்ந்து அவனைப் பார்ப்பாள். தங்கையின் சுண்டுவிரல் தடிமன்தான் அவன் கை என்று, அவனுக்குச் சுண்டு என்றே பெயர் வைத்துவிட்டாள். இன்று பதினோரு மணிக்கு அவன் வாயில் செருகியிருக்கும் குழாயை எடுக்கப்போகிறார்கள். தானாக மூச்சு விடுவானா மாட்டானா என்பது அப்போது தெரிந்துவிடும். "அம்மாவைப் பாத்துட்டே இருக்கச் சொல்லு. அவங்க பாக்குறாங்கன்னு நெனச்சா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்று தங்கை செய்தி அனுப்பியிருந்தாள்.

கைப்பேசியில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அந்தப் பக்கம் எந்தக் கணினியில், எந்தப் பிரவுசரில் பதிவு செய்தோமோ அதில் மட்டும்தான் திறக்கும். வேறொன்றில் பார்க்க வேண்டுமானால் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். அது வர ஒரு நாள் ஆகும். ஒரு நாளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

நான் கணினியை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அதோடு தீர்ந்தது. என் வீட்டுக்காரரை அழைத்தேன். கையோடு அக்காவின் கணவரையும், அதாவது அத்தானையும், அழைத்தேன். ஒருவரைக் கூப்பிட்டு மற்றவரை விட்டுவிட்டால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வருஷம் ஓடும். அம்மா தனியாக இருப்பதால் அவள் வீட்டுக் குழாய், பூட்டு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் உள்ளூரில் இருக்கும் இரண்டு மாப்பிள்ளைகளும் பொறுப்பு. யார் அதிகப் பொறுப்பு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

அத்தான் கட்டட மேற்பார்வையாளர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். என் வீட்டுக்காரர் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். எதையும் சொல்லிவிட்டுத்தான் தட்டிப் பார்ப்பார். இருவரும் ஒரே மேசைக்கு இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

பிரவுசரில் சேர்த்திருந்த உபரிச் சமாச்சாரங்களை எல்லாம் விலக்கிப் பார்த்தார்கள். விழுந்தது. புதுப்பித்துப் பார்த்தார்கள். விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்றார் அத்தான். "ஐயோ அண்ணா, பதிவு போயிடும்" என்று என் வீட்டுக்காரர் அலறினார். கணினியை சேஃப் மோடில் எழுப்பினார். அந்த நிலையில் அத்தியாவசியமானவை மட்டும்தான் ஓடும், இணையம்கூடக் கிடையாது. அதில் பிரவுசர் சமர்த்தாகத் திறந்து, அப்படியே நின்றது.

"அப்ப பிரவுசர் மேல தப்பு இல்ல. கூடவே எழுந்திரிக்கிற ஏதோ ஒண்ணு இதைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுது," என்றார்.

கணினியை வழக்கம்போல எழுப்பிவிட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தினார். உள்ளேயிருந்து இரண்டு கேடயங்கள் வெளியே வந்தன. ஒன்று பச்சை, ஒன்று நீலம். இரண்டும் ஆன்டிவைரஸ். திறக்கிற பிரவுசருக்குள் நுழைந்து காவல் காக்க இரண்டும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஒன்றையொன்று திருடன் என்று பிடித்து, நடுவில் பிரவுசரைக் கொன்றுகொண்டிருந்தன.

"பச்சை நான் போட்டது," என்றார் அத்தான் மெதுவாக. "நீலம் யாரு?"

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து மத்தியானம் வந்திருந்தேன் அண்ணா. பாதுகாப்பே இல்லாம கிடக்குதேன்னு..."

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். பெரிய மாப்பிள்ளை ஏற்கெனவே போட்டுட்டாருன்னு சொன்னா சின்ன மாப்பிள்ளை முகம் வாடிடுமேன்னு சும்மா இருந்துட்டேன்." அம்மா என்னைத்தான் முறைத்தாள். "இது ரெண்டும் சண்டை போட்டுக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உண்மையான கோளாறு தொடங்கியது. "என்னுதை எடுத்துடறேன் அண்ணா, உங்களுது முதல்ல இருந்தது" என்றார் என் வீட்டுக்காரர். "சேச்சே, உங்களுது புதுசு தம்பி, அது இருக்கட்டும், பச்சையை எடுங்க" என்றார் அத்தான். "அதெப்படி அண்ணா?" "அட, நான் சொல்றேன்ல?" பத்து வருஷமாக விட்டுக்கொடுக்காதவர்கள் இருவரும் அன்றைக்குப் பார்த்து மாறி மாறி விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அம்மா எழுந்து நின்றாள். மாப்பிள்ளைகள் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "மாப்பிள்ளை, எனக்குக் காவலே வேண்டாம். எவன் வந்து எதை வேணா எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு அந்தப் பிள்ளையைப் பாக்கணும். அவன் மூச்சு விடுறதைப் பாக்கணும்."

நான் குனிந்து மவுஸைப் பிடுங்கினேன். கைக்குக் கிட்டத்தில் இருந்தது நீலம். அதை எடுத்தேன். கணினி அணைந்து மறுபடி எழும்வரை நாலு பேரும் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிரவுசர் விரிந்தது. வெள்ளையாக நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு அதன் நடுவே கண்ணாடிப் பெட்டி தெரிந்தது.

குழாய் வாயில் இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள். கையுறை போட்ட இரண்டு கைகள் மட்டும் பிள்ளையின் இருபுறமும் தொடாமல் காத்திருந்தன. அவன் மார்பு அசைவதாகவும் இருந்தது, அசையாததாகவும் இருந்தது. அத்தான் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் என் தோளை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார். நான் கடவுளைக் கூப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

பிள்ளையின் முகம் சுருங்கியது. சிவந்தது. வாய் திறந்தது, அந்த முகத்தில் அவ்வளவு பெரிய வாய் எங்கே இருந்ததோ! கேமராவுக்குக் காது கிடையாது. ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் வயிறு எக்கி எக்கி ஏறி இறங்கியது. கையுறைக் கைகள் பின்வாங்கிப் படத்தைவிட்டு வெளியே போயின.

"அழறான்," என்றாள் அம்மா. "அழறான்டி. நல்லா அழறான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பின்னால் அத்தான் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மா திரும்பவில்லை. அவள் உள்ளங்கை மேசை விளிம்பைத் தட்டத் தொடங்கியிருந்தது, தூங்க வைக்கிற மாதிரி, மெதுவாக. ஒவ்வொரு தட்டுக்கும் மவுஸ் லேசாக நகர, வெள்ளை அம்புக்குறி பிள்ளையின் போர்வை மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளிக்கொண்டிருந்தது.