தகரம் வைத்த ஸ்டியரிங்

இண்டூர் மாதவராஜின் சிவப்பு வண்டியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அறுபதுகளில் சீமையில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். வண்டி என்னவோ அழகுதான். அதன் மேல் சாய்ந்து நின்று அவர் எடுத்துக்கொள்ளும் போட்டோக்களைத்தான் சகிக்க முடியாது. ஒழுங்காகக் கியர் போடத் தெரியாத மனிதருக்கு இப்படி ஒரு வண்டி எதற்கு? ஓட்டுவதற்கு ஆண்டி என்ற டிரைவரை வைத்திருந்தார். ஐயா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருவார்.

சித்திரை மாதம் இண்டூர் ரோட்டு வளைவில், ஆண்டி தனியாக ஓட்டி வந்தபோது, வண்டி திரும்பாமல் நேரே போய்ப் புளியமரத்தில் மோதியது. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்றார் மாதவராஜ். ஆண்டி சாராய வாடையே ஆகாதவன். கட்டு பிரிப்பதற்கு முன்பே அவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்கள். முனியப்பன் கோயிலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான்.

"குடிக்கலைங்க. ஸ்டியரிங்கத் திருப்புனேன், வண்டி திரும்பலைங்க."

அந்த வாரமே அவன் பொண்டாட்டி ராமக்காள் காய்ச்சலில் படுத்தாள். பொய்ச் சத்தியம், சாமி கேட்டுவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. வேலை போயிற்று. டீக்கடைக்கு அவன் வந்தால் பேச்சு நின்றது. அந்த மாதம் தெருவில் பாதி வீட்டில் காய்ச்சல் இருந்ததை ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை. மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வாழ்கிற ஜனங்கள்.

நசுங்கிய முகப்பை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, மூன்று மாதம் கழித்து அந்த வண்டியைக் காரிமங்கலத்தில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார் மாதவராஜ். லேசாக இடது பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் பார்த்தால் போதும் என்றார். லேசாக இழுக்கும் வண்டியை எவனாவது டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வருவானா? கேட்டேன். வீட்டு வாசலிலேயே கேட் தூணில் இடித்துவிட்டதாக முனகினார்.

உள்ளே சென்ட் நாற்றமும், பூஞ்சை பிடித்த எலுமிச்சம்பழ நாற்றமும் கலந்து அடித்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஜாக்கி போட்டு முன் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் சொன்னபடி கேட்டது. வண்டியைத் தரையில் இறக்கினேன். பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மேலே ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினேன். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. பாரம் இல்லாதபோது கேட்கிறது, பாரம் ஏறினால் வழுக்குகிறது.

ஸ்டியரிங்கைக் கழற்றினேன். அது வேறு ஏதோ வண்டியின் மர ஸ்டியரிங். நடுத்துளை தண்டைவிடப் பெரிது. இடைவெளியில் கூல்ட்ரிங்ஸ் டின்னை வெட்டிச் சுருட்டித் திணித்து, மேலே நட்டைப் போட்டு முறுக்கியிருந்தார்கள். மாட்டு வண்டி அச்சுக்குக்கூட எவனும் இப்படிச் செய்யமாட்டான். ஒரு மனுஷன் இந்தத் தகரத்தை நம்பி வண்டி ஓட்டியிருக்கிறான்.

மாதவராஜிடம் காட்டினேன். முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. மர ஸ்டியரிங் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று, விபத்துக்கு முந்தின வாரம் அவரே மாட்டினாராம். ஊரில் போய் இதைச் சொல்லுங்கள் என்றேன்.

"இது நமக்குள்ள இருக்கட்டும்ப்பா. ஆண்டிய மறுபடி வேலைக்கு வெச்சுக்கறேன், போதுமில்ல?"

எனக்கு அவர் மேல் காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் அவனுக்கு வேலையாவது கிடைக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன். பழைய ஸ்டியரிங்கை வரவழைத்து, ஒழுங்காக மாட்டிக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்துப்போக ஆண்டிதான் வந்தான். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தகரத்தை அவன் கையில் வைத்து, நீ செய்த சத்தியம் சத்தியம்தானடா என்றேன். அவன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியுங்கண்ணா. அவரு மாட்டுனப்ப நாந்தான் டார்ச் புடிச்சேன்."

கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் ஐயா மேல் எப்படிச் சொல்வது என்றான். பிறகு, வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறுபடி சூடம் அணைக்கப்போவதாகச் சொன்னான். அன்றைக்குக் குடித்திருந்தேன் என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்டால்தான் வேலையாம். ஐயா அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

"நீ குடிக்கவே இல்லையேடா."

"அது அவருக்கும் தெரியுங்கண்ணா" என்றான். அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

நானே இண்டூருக்கு வந்து எல்லோர் முன்னாலும் தகரத்தைக் காட்டுகிறேன் என்று கத்தினேன். ஆண்டி சட்டென்று என் காலில் விழுந்தான்.

"எங்க சோத்துல மண்ணப் போட்றாதீங்கண்ணா."

சாவியைக் கொடுத்துவிட்டேன்.