மிதிச்சாலும் ஊளை, விட்டாலும் ஊளை

என் காது போனதுக்கு என் பொண்டாட்டி வாய்தான் காரணம்னு பட்டறைக்கு வர்றவங்க எல்லாம் கிண்டல் பண்ணுவாங்க. அபாண்டம். சம்மட்டியும் கிரைண்டரும்தான் காரணம். ஆள் எதிர்ல நின்னு பேசினா எனக்குக் கேக்கும், லாரி ஹாரன் கேக்கும். மெல்லிசான சத்தம்தான் கேக்காது. என் தொழிலுக்கு அந்த மெல்லிசான சத்தம்தான் வேணும், அதான் கொடுமை.

நான் பாக்கிறது ஆக்சில் வேலை. காட்டுலயும் மேட்டுலயும் ஓட்டணும்னு வண்டிக்குப் பெரிய டயர் மாட்டுறவங்க என்கிட்ட வருவாங்க. டயரை மட்டும் மாட்டினா ஆச்சா? அவ்வளவு பெரிய டயரைச் சுத்த முடியாம இன்ஜின் திணறும், மேடு வந்தா மூச்சு வாங்கும். அதுக்கு ஏத்த மாதிரி ஆக்சிலுக்குள்ள இருக்கிற கிரவுன், பினியன்ங்கிற பல்சக்கர ஜோடியையும் மாத்தணும். முன்னாடி ஒரு ஜோடி, பின்னாடி ஒரு ஜோடி. பல்லுக்குப் பல் சரியா உக்காரணும். மயிரிழை தள்ளினாலும் ஓடும்போது ஊளையிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டா ஒரு கோளாறு, மிதிச்ச காலை விட்டதும் ஊளையிட்டா வேற கோளாறு.

எனக்குத்தான் அந்த ஊளை கேக்காதே. அதனால வேலை முடிஞ்சதும் என் பொண்டாட்டியைப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சு ஓட்டிப் பாப்பேன். முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்கிக்கிட்டுக் கண்ணை மூடிக்குவா. "மிதிச்சா இருக்கு"ம்பா, "விட்டா இருக்கு"ம்பா, இல்லைன்னா "சுத்தமா இருக்கு"ம்பா. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவ காது தப்பு சொன்னதில்லை.

போன மாசம் தடியனை வேலைக்கு எடுத்தேன். தடியன்னா என் பையனோட வண்டி, பேர் வச்சவனும் அவன்தான். போன வருஷம் ஆசை ஆசையா பெரிய டயர் வாங்கி மாட்டினான். அதுக்கு வேண்டிய கிரவுன் பினியனையும் வாங்கிப் பெட்டியோட என் அலமாரியில வச்சான். அந்த வாரமே காய்ச்சல்னு படுத்தான். எழுந்திரிக்கவே இல்லை. எங்களுக்கு ஒரே பையன். அப்புறம் அந்தப் பெட்டியைத் திறக்கிறது என்ன, மேல இருந்த தூசியைத் தட்டக்கூட எனக்குக் கை வரலை.

திறக்கச் சொன்னது மருமகள். நிலத்தடித் தண்ணியை ஆராயற படிப்பு படிச்சவ. எங்கேயோ கண்காணாத தூரத்துல, ரோடே இல்லாத கல்லுக்காட்டுல அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. "அவரோட வண்டியிலயே போறேன் மாமா, கியரை மாத்திக் குடுங்க"ன்னா. மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? பேரன் பேத்தின்னு ஒண்ணு இருந்தாலாவது அதைக் காட்டிப் பிடிச்சு வைக்கலாம். லீவுக்கு வருவேன்னு சொன்னா. எத்தனை லீவுக்கு வருவா? நாளைக்கே இன்னொருத்தனைக் கட்டிக்கலாம், கட்டிக்கவும் வேணும். அவ போயிட்டா எங்க வீட்டுல பையன் பேரைச் சொல்ல மூணாவது ஆள் கிடையாது.

வேலையில குறை வைக்கலை. மஞ்சள் பசையைப் பல்லுல தடவிச் சுத்தினா, எந்த இடத்துல உரசுதுன்னு அச்சு விழும். அச்சு பல்லோட நட்ட நடுவுல விழுந்துச்சு. என் ஆயுசுல அப்படி ஒரு அச்சை நான் பாத்ததில்லை. "டேய், இங்க வந்து பாருடா"ன்னு திரும்பிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. கொஞ்ச நேரம் ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

எல்லாத்தையும் மூடி, எண்ணெய் ஊத்தி, என் பொண்டாட்டியை ஏத்திக்கிட்டு ஓட்டினேன்.

"மிதிச்சா இருக்குங்க"ன்னா.

"என்னது?"

"ஊளை. பின்னாடி."

எனக்குச் சுர்ருன்னு கோவம் ஏறிச்சு. "உன் காதும் அவிஞ்சு போச்சா?"ன்னு கத்தினேன்.

"என் காதைக் குத்தம் சொல்லாதீங்க. உங்க கை சரியா இருக்கான்னு பாருங்க"ன்னா.

மருமகள்கிட்ட இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு சொல்லிட்டு, பின் ஆக்சிலை மறுபடி பிரிச்சேன். இடுப்பு விட்டுப்போச்சு. பசையைத் தடவிச் சுத்தினா அதே அச்சு, அதே நட்ட நடு. என்னடா இதுன்னு முழிச்சேன். அப்பதான் உறைச்சுது. வண்டியில என் பொண்டாட்டி கண்ணை மூடவே இல்லை. ஜன்னல் வழியா வெளியே பாத்துக்கிட்டே வந்தா.

இன்னைக்கு இவளை ஒரு வழி பண்ணிடணும்னு வேகமா வீட்டுப் பக்கம் போனேன். மாமியாரும் மருமகளும் கொடியிலேருந்து துணி எடுத்து மடிச்சுக்கிட்டிருந்தாங்க. என் பழைய பட்டறைச் சட்டையில எத்தனை ஓட்டைன்னு எண்ணி, ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. பையன் போன பிறகு என் பொண்டாட்டி சிரிச்சு நான் பாக்கலை. சத்தம் போடாம திரும்பி வந்து, கழட்டினதைக் கழட்டின மாதிரியே மாட்டினேன்.

"ஆமா, கொஞ்சம் தள்ளித்தான் உக்காந்திருந்துச்சு"ன்னு சாப்பாட்டுல சொன்னேன். பச்சைப் பொய்.

மறுபடி ஓட்டினோம். "இப்ப விட்டா இருக்குங்க"ன்னா.

"பின்னாடியா, முன்னாடியா?"

கொஞ்சம் யோசிச்சு, "முன்னாடி மாதிரி தெரியுது"ன்னா.

"அப்ப முன்னாடியும் கழட்டிட வேண்டியதுதான்."

அவ என் முகத்தையே பாத்தா. நான் ரோட்டைப் பாத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் என் இடுப்புக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டா. வழக்கத்தைவிட ரொம்ப நேரம், அழுத்தி அழுத்தி. மன்னிப்பு கேக்கிறதுக்குப் பதிலாத்தான் தேய்க்கிறான்னு புரிஞ்சுது. நானும் போதும்னு சொல்லலை.

முன் ஆக்சிலைப் பிரிச்சு மூடின அன்னைக்கு மருமகளுக்குப் போன் வந்துச்சு. வாசல்ல நின்னு பேசிட்டு வந்து தட்டுக்கு முன்னால உக்காந்தா. "திங்கட்கிழமைக்குள்ள வந்து சேரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்"னா. கோவமா சொல்லலை, புகார் மாதிரியும் சொல்லலை. நாங்க ரெண்டு பேரும் தட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டோம். எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் 'வண்டி எப்பவோ ரெடிம்மா'ங்கிற வார்த்தை வாயில வரலை.

மறுநாள் காலையில, "இன்னைக்கு நானே ஓட்டுறேன் மாமா"ன்னு சாவியை வாங்கிக்கிட்டா. மூணு பேரும் முன் சீட்டுலயே நெருக்கி உக்காந்தோம், நடுவுல என் பொண்டாட்டி. ஊரைத் தாண்டினதும் மருமகள் மிதிச்சா, விட்டா, மறுபடி மிதிச்சா. தலையைச் சாய்ச்சுக் கேட்டா.

"சத்தம் இருக்கு மாமா"ன்னா. "இன்னொரு தடவை பிரிச்சுப் பாத்துடுங்க. அவசரம் ஒண்ணும் இல்லை."

அந்த அச்சை என் கண்ணால பாத்தவன் நான். சத்தம் இருக்க வழியே இல்லை.

என் பொண்டாட்டி அவ பக்கம் திரும்பினா. "என்ன சத்தம்?"

"நீங்க சொன்னீங்களே அத்தை, அதே ஊளை."

"எப்ப கேக்குது? மிதிச்சாலா, விட்டாலா?"

"மிதிச்சாலும் இருக்கு... விட்டாலும் இருக்கு."

"நிறுத்துடி வண்டியை."

ஓரமா நிறுத்தினா. என் பொண்டாட்டி அவ கையை ஸ்டியரிங்லேருந்து எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா.

"எனக்கே காது குத்துறியா? ஒரு சத்தமும் இல்லை. முதல் நாள்லேருந்தே இல்லை. நான்தான் பாவி, வாய் கூசாம சொன்னேன். நீ எதுக்குடி சொல்றே? உன் வேலை போயிடும்டி."

"தெரியும் அத்தை. உங்களை இப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை."

"மனசு வரலைன்னாலும் போ. எங்களோட உக்காந்து நீயும் கிழவியாகணுமா? அவன் இருந்தா என்னைத் திட்டியிருப்பான்." மூணு பேரும் வண்டிக்குள்ள உக்காந்து அழுதோம். பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கினான். அந்தப் பாழாப்போன சத்தம் மட்டும் எனக்கு நல்லா கேட்டுச்சு.

மறுநாள் கிளம்பிட்டா. நான் ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்காரன் மாதிரி பேசினேன், வேற பேசினா உடைஞ்சிடுவேன். "புது கியரும்மா. பழகுற வரைக்கும் விரட்டாதே. கொஞ்ச தூரம் போ, நிறுத்து, ஆறவிடு. ஆக்சில் மேல கை வச்சுப் பாரு. கை சுட்டா எனக்குப் போன் பண்ணு."

"சுடலைன்னாலும் பண்றேன் மாமா"ன்னா.

தடியன் தெருமுனையில திரும்பினான். அந்தப் பெரிய டயர் உருள்றது என் காலுக்கடியில அதிர்ந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னுச்சு. என் பொண்டாட்டி கேட்டுக்குப் பக்கத்துல நின்னு, முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்கிக்கிட்டுக் கண்ணை மூடினா.

"கேக்குதா?"ன்னேன்.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்குங்க."

நான் உள்ள போனேன். ஸ்பானரை எல்லாம் துடைச்சு வச்சேன். தரையைக் கூட்டினேன். பையன் வாங்கின கியர்ப் பெட்டி காலியா கிடந்துச்சு. அதைத் தூசி தட்டி அலமாரியில பழைய இடத்துலயே வச்சேன். வெளியே வந்தா வெயில் உச்சிக்கு ஏறியிருக்கு, அவ அதே இடத்துல கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறா.

"இன்னுமா கேக்குது?"

தலையை ஆட்டினா. நானும் அவ பக்கத்துல போய் நின்னு கண்ணை மூடிக்கிட்டேன்.