இரண்டு தட்டுக்கு நடுவே

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாருங்கள், காற்று இன்றைக்கு வடக்கே இருந்து அடிக்கிறது. ஒரு கதை வைத்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் முதுகு சில்லிடும். பயப்படாதீர்கள், நடுவழியில் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டேன்.

வடகோடிக் கடலில் கிடக்கிற எங்கள் ஆர்க்னித் தீவுகளில் எம்.எஸ். என்கிற நோய் அதிகம். உலகத்தில் வேறெங்கும் இத்தனை இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், காரணம் கேட்டால் கையை விரிக்கிறார்கள். மூளையிலிருந்து கைகாலுக்குப் போகும் நரம்பெல்லாம் எலி கடித்த கம்பி போல அங்கங்கே உறை கழன்றுபோகும். ஒரு நாள் கண் மங்கும், ஒரு நாள் கால் மரக்கும். பிறகு திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும்.

கதை நடந்தது எண்பத்தேழில். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் எல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஐந்நூறு பேர் இருந்த ஒரு சின்னத் தீவில் நோய்க்காரர்கள் நான்கு பேர், நான்கு பேரும் தனியாக இருந்தவர்கள். வியாழக்கிழமை ஊர் மன்றத்தில் அவர்களுக்காகச் சூப் கொதிக்கும். யாராவது வண்டியில் கூட்டிவருவார்கள், யாராவது கைகாலை நீட்டி மடக்கிவிடுவார்கள். மீதி ஆறு நாளைக்கு அவர்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதற்கு வளையம் என்று பெயர்.

காலை எட்டு மணிக்குச் சக்கர நாற்காலியில் இருந்த டவினா சீட்டர் தோராவைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். தோரா எர்லெண்டைக் கூப்பிடுவாள். எர்லெண்ட் ஜெஸ்ஸி ஆனை. ஜெஸ்ஸி ஆன் மறுபடி டவினாவை. அதோடு வளையம் மூடிவிடும். மாலை ஆறு மணிக்கு இன்னொரு சுற்று. கால் மணி நேரத்தில் டவினாவின் தொலைபேசி அடிக்கவில்லை என்றால் எங்கோ யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று அர்த்தம். டவினா உடனே டாம் ரெண்டலைக் கூப்பிடுவாள். அவன் மாட்டுப் பண்ணைக்காரன். நான்கு வீட்டுச் சாவியும் அவன் கோட்டுப் பையில் கிடக்கும்.

எர்லெண்ட் டிரெவர் படகுத் துறையில் கயிறு வீசிக் கட்டுகிறவன். நோய் அவன் நாக்கைப் பிடித்துக்கொண்டபோது பேச்சு குழறியது, பிறகு நின்றே போனது. அதனால் தொலைபேசியை எடுத்ததும் அதன் பேசும் முனையில் விரலால் இரண்டு முறை தட்டுவான். கை மந்தமானதால் முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்துவிடலாம். அவன் ஒருவன் மட்டும் ஊமையாக இருக்கக் கூடாதென்று, ஒருவரை ஒருவர் கேட்காமலே மற்ற மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்ட ஆரம்பித்தார்கள். எடுப்பவர் இரண்டு தட்டு, கூப்பிட்டவர் வைத்துவிட வேண்டியது. வளையத்தில் குரலே இல்லாமல் போனது. அன்பில் செய்த காரியம்தான். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

அக்டோபர் கடைசியில் எர்லெண்ட் நிமோனியாவில் இறந்துபோனான். அடக்கம் முடிந்து மன்றத்தில் தேநீர் குடிக்கும்போது டவினா சொன்னாள், நாளையிலிருந்து தோரா நேராக ஜெஸ்ஸி ஆனைக் கூப்பிட வேண்டியது என்று. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை தோரா ஹார்கஸ் தன் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, தொலைபேசி இருக்கும் நடைக்கு வந்தாள். எப்போதும் போல ஆறாவது மணியில் எடுத்தாள், தட்டினாள், வைத்தாள். அடுத்து அவள் கூப்பிட வேண்டும். அவளுக்குக் கண் ஒரு தடவை மூன்று வாரம் போய்த் திரும்பியிருந்தது. அப்போது எர்லெண்ட் வந்து, தொலைபேசியின் சுழல் தகட்டில் இரண்டாம் எண் துளையின் விளிம்பில் படகுக்குப் பூசும் தாரை ஒரு பொட்டு வைத்துக் கொடுத்திருந்தான். தீவின் எண்கள் எல்லாம் இரண்டில்தான் தொடங்கும், அதைத் தடவிப் பிடித்தால் மற்றதை எண்ணிக்கொள்ளலாம். அன்றைக்கும் விரல் தாரைத் தொட்டது, பழக்கத்தில் ஓடியது. இரண்டு, ஒன்று, ஏழு. அது ஜெஸ்ஸி ஆனின் எண் இல்லை.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஒரு தட்டு. ஒரு மூச்சு. இன்னொரு தட்டு.

தோரா வைத்துவிட்டாள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு ஜெஸ்ஸி ஆனைக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. அவள் அப்போதே டவினாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை சூப் குடிக்கும்போது தோரா, என் அழைப்பு நேரத்துக்கு வருகிறதா என்று ஜெஸ்ஸி ஆனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். டாண் என்று வருகிறது என்றாள் அவள். கோப்பையை வைக்க மன்றத்து அலமாரியைத் திறந்தால், எர்லெண்டின் தம்பி மனைவி கொடுத்துவிட்டுப் போன சாமான்கள் இருந்தன. கைத்தடி, கழிப்பறை நாற்காலி, ஒரு கறுப்புத் தொலைபேசி. அதன் கம்பியை அதன் உடம்பிலேயே சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்த நோய் வந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்வதில்லை, கண்ணுகளா. காலில் தண்ணீர் ஓடுவது போல இருக்கும், குனிந்து பார்த்தால் ஈரம் இருக்காது. இதையும் சொன்னால் டாக்டர் இன்னொரு வரி எழுதிக்கொள்வார். கடல் தாண்டி அபர்தீனில் இருந்த அவள் மகள் மெரனுக்கும் அது போய்ச் சேரும். மெரன் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருந்தாள், ஒரே ஒரு தடவை நீ விழுந்து யாருக்கும் தெரியாமல் கிடந்தாய் என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கர்க்வால் நகரத்து ஆஸ்பத்திரியின் நெடுநாள் வார்டுக்குத்தான் என்று. தோரா அந்த வார்டைப் பார்த்திருக்கிறாள். அங்கே ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும், படுத்தபடி பார்த்தால் வானம் மட்டும்தான், கடல் தெரியாது. அவள் தன் வீட்டில் இருக்கலாமா கூடாதா என்பதே அந்த வளையத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. பயம் இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. ஒரு நாள்கூடத் தவறாதவன் எர்லெண்ட். அவன் இடத்தைத் தாண்டிப் போனால் வாசலில் நிற்கிறவன் முகத்தில் கதவைச் சாத்துவது போல இருந்தது அவளுக்கு. தினமும் இரண்டு, ஒன்று, ஏழு சுழற்றினாள். தினமும் தட்டு வந்தது. நவம்பர் போனது, டிசம்பர் போனது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, இன்னும் விடியாத நேரம், சமையலறையிலிருந்து பின்கட்டுக்கு இறங்கும் ஒற்றைப் படியில் தோராவின் வலது கால் தூக்க மறந்தது. சட்டம் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் கல்தரையில் விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு காலும் விறைத்துக்கொண்டு கட்டை மாதிரி ஆகிவிட்டன. நகரப் பார்த்தாள், முடியவில்லை.

அவள் பதறவில்லை. எட்டு மணிக்கு அடிக்கும், நான் எடுக்கமாட்டேன், வளையம் அறுந்துவிடும், எட்டேகாலுக்குள் டாம் சேற்றுக் காலோடு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள். தலையைத் திருப்பினால் திறந்த கதவு வழியாக நடையின் ஒரு துண்டு தெரிந்தது. தொலைபேசி தெரியவில்லை, அதிலிருந்து தொங்கும் சுருள் கம்பி மட்டும் தெரிந்தது.

எட்டு மணிக்கு அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அடிக்கட்டும் அடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு கிடந்தாள். நான்கு, ஐந்து.

ஆறாவதில் நின்றது.

சுருள் கம்பி மெல்ல நீண்டு மேலே போனது, யாரோ நின்றுகொண்டு காதில் வைத்தது போல. ஒரு தட்டு. ஒரு மூச்சு. இன்னொரு தட்டு. கம்பி தளர்ந்தது. மறுபடி நீண்டது. தகடு சுழன்று திரும்பும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இரண்டு. மூன்று. ஒன்று. அது ஜெஸ்ஸி ஆனின் எண்.

பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

தோராவுக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் சில்லிட்டது. அவன் உதவி செய்கிறான். அவளால் எழ முடியவில்லை என்று தெரிந்து அவள் முறையையும் சேர்த்துச் செய்துவிட்டுப் போகிறான். வளையம் அழகாக மூடிவிட்டது. தோரா எழுந்துவிட்டாள் என்று தீவே நிம்மதியாகத் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும். வியாழக்கிழமை வரை யாரும் வரப்போவதில்லை.

பகலெல்லாம் அவள் கிடந்ததை நீட்டிச் சொல்லி உங்களை வருத்தமாட்டேன். அடுப்பு நடுப்பகலில் அவிந்தது. நாய் படுக்கிற கம்பளத்தைப் பல்லால் கவ்வி இழுத்து மேலே போட்டுக்கொண்டாள். நாய் செத்து ஒரு வருஷம், வாசனை மட்டும் மிச்சம் இருந்தது. மூன்றரைக்கு இருட்டியது. கை விரல்களும் மரக்கத் தொடங்கின. இன்னொரு நாள் இந்தக் கல்லில் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. தாங்கினாலும் கர்க்வால்தான். ஆறு மணி வரும், அவன் மறுபடி எடுப்பான். அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கிடந்தாள்.

ஆறு மணிக்கு முதல் மணி அடித்ததும் அவள் வாய் திறந்தாள். தொண்டை வறண்டு கரகரத்தது.

"எர்லெண்ட், நான்தான் தோரா. எடுக்காத."

இரண்டாவது மணி. நடையில் பலகை ஒன்று கிறீச்சிட்டது.

"நீ எடுத்தா ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் கீழ கெடக்கேன். அறுந்தாத்தான் ஆள் வரும். அதுக்குத்தானே இத வச்சோம்."

மூன்று, நான்கு.

"நீ செத்துட்டப்பா. அக்டோபர்லயே. ஊரே வந்து மண்ணு போட்டுச்சு, ஆனா உங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. நான் சொல்லியிருக்கணும். எனக்குத்தான் மனசு வரல, தெனமும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். தப்பு எம்மேலதான்."

ஐந்து. சுருள் கம்பி அசைந்தது.

"உன் மொறை முடிஞ்சுது, கண்ணு. ஒழுங்காத்தான் செஞ்ச. விடு."

ஆறாவது மணி பாதியில் தடுக்கியது. கம்பி இழுபட்டு, இழுபட்டபடியே நின்றது. அது எவ்வளவு நேரம் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவே விடுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கம்பி தொய்ந்தது. மணி தொடர்ந்து அடித்தது. ஏழு, எட்டு, இருபது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவள் அழுதாள்.

டாம் ரெண்டல் வந்து விளக்கைப் போட்டு அவளைப் பார்த்தபோது அவன் முகம் வெளிறிப் போனது. ஆனாலும் எங்கள் ஆட்கள் அதைக் காட்டிக்கொள்வார்களா?

"என்ன தோரா, கட்டில் மெத்தை எல்லாம் புடிக்கலயா?" என்றான்.

"ஒன் பூட்ஸைக் கழட்டு மொதல்ல. நேத்துத்தான் தரையத் தொடச்சேன்," என்றாள் அவள்.

மெரன் மறுநாள் கப்பலில் வந்தாள். கோபத்தில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காலையில் விழுந்தவளை மாலை வரை எப்படி விட்டீர்கள், உங்கள் வளையத்துக்கு என்ன அர்த்தம் என்று டவினாவைப் பிடித்துக்கொண்டாள். தோரா எதைச் சொன்னாலும் கர்க்வால். டவினாதான் பதில் சொன்னாள்.

"காலைல தட்டு கேட்டுச்சும்மா. ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப நேரம் விட்டுத்தான் வந்துச்சு. ஒங்கம்மாவுக்கு இன்னைக்குக் கை மந்தம் போலன்னு நெனச்சேன். கேட்டா கூசிப்போவாளேன்னு விட்டுட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

சொல்லிவிட்டு அவள் தோராவைப் பார்த்தாள். யாருக்கு அத்தனை நேரம் ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

அன்று மாலையே வளையத்துக்குக் குரல் திரும்பி வந்தது. அவரவர் பெயரை அவரவர் வாயால் சொல்ல வேண்டும், வேறு யாரும் அதைச் செய்ய முடியாது. மெரன் ஒரு வாரம் தங்கிக் காதை வைத்துக் கேட்டாள். டவினா, உயிரோட இருக்கேன். தோரா, எழுந்தாச்சு, காலு ரெண்டும் வேலைநிறுத்தம். ஜெஸ்ஸி ஆனிடம் போனால் மட்டும் அவள் கோழி முட்டையிலிருந்து ஆரம்பிப்பாள், வளையம் மூட முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு காலை வேண்டுமென்றே தோராவைப் பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தாள் மெரன். ஒன்பது நிமிஷத்தில் டாமின் டிராக்டர் வாசலில் நின்றது. மெரன் போய்த் தன் பெட்டியை மட்டும் கட்டினாள். அம்மாவின் துணிகள் பீரோவிலேயே இருந்தன.

தோரா அந்த வீட்டில், கடல் தெரியும் ஜன்னலோடு, இன்னும் பதினோரு வருஷம் இருந்தாள். ஒன்று மட்டும். விழுந்த பிறகு முதல் தடவை தகட்டைத் தொட்டபோது, வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த அந்தத் தார்ப் பொட்டில் ஒரு விரல் பதிந்த குழி இருந்தது. அவள் விரலை வைத்தால் உள்ளே ஆடியது. கயிறு வீசுகிறவன் விரல் அளவு இருக்கும்.

தினமும் மாலைச் சுற்று முடிந்ததும் அவள் எந்த எண்ணையும் சுழற்றாமல் தொலைபேசியை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, ஒரு மூச்சு விட்டு, இன்னொரு தட்டுத் தட்டுவாள். பதில் வருகிறதா என்று கேட்க நிற்கமாட்டாள். உடனே வைத்துவிடுவாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து பார்த்துப் போங்கள், வாசல்படி இருட்டாக இருக்கும். உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு உயிருள்ள குரல் பதில் சொல்லட்டும். உங்களில் யாரும் விழாமல் இருக்கட்டும். விழுந்தாலும் உங்கள் சாவி ஒன்று நல்ல மனுஷன் கோட்டுப் பையில் கிடக்கட்டும். போனவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேரட்டும். அடுப்பு அவியாமல் எல்லோரும் நன்றாக இருங்கள்.