வேர்க்குழி

புயல் போய்ச் சில நாள் ஆகிவிட்டது. அது தள்ளிவிட்டுப் போன மரங்கள் மட்டும் தெருவுக்குத் தெரு குப்புறக் கிடந்தன. பெட்ரோல் ரம்பம் வைத்திருப்பவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவன் அவளுடைய புருஷன். அவன் அறுப்பான். அவள் அறுத்ததை இழுத்து ஓரம் கட்டுவாள், கயிறு பிடிப்பாள், யாரும் கிட்டே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் பிழைப்பு. ஆனால் இந்த வாரத்தைப் போல ஒரு வாரம் வந்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே கண் சொருகியது. படுத்தால் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அவர்கள் மரம் அறுக்கப் போவதாகவே இல்லை. அவளுடைய தங்கை வீட்டில் பாதிக் கூரை பறந்து போயிருந்தது. காலையில் போய்த் தகரம் போட்டுக் கொடுக்கிறோம் என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். அவனும் தலையை ஆட்டியிருந்தான். விடிந்ததும் பார்த்தால் மனுஷன் பெட்ரோலில் ஆயிலைக் கலந்துகொண்டிருக்கிறான்.

"எங்க கிளம்புறீங்க?"

"ஒரே ஒரு மரம். டெய்லர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால விழுந்து கெடக்குதாம். கான்ட்ராக்டர் கெஞ்சிட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

அவன் ரம்பச் செயினைத் திருகித் திருகி இறுக்கினான். அதோடு அவளும் வாயை மூடிக்கொண்டாள். மூன்று சக்கர வண்டியில் முன்னால் அவன், பின்னால் கயிறுகளோடு அவள். வழிநெடுகப் பேச்சில்லை.

மரம் பெரிதுதான். சாலையோரத்தில் வேரோடு பிடுங்கிக்கொண்டு, டெய்லர் வீட்டுக் கேட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அடியில் வேரும் மண்ணும் ஆளுயரச் சுவராக எழுந்து நின்றன. அந்தச் சுவருக்குப் பின்னால் மரம் இருந்த இடம் பெரிய குழியாகிக் கிடந்தது. மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. உள்ளே ஸ்டூல் போட்டு ஏறி நின்றபடி டெய்லர் காத்திருந்தார். பெரியவர், கழுத்தில் இன்னும் அளவெடுக்கும் டேப் தொங்கியது.

"வாங்க தம்பி, வாங்கம்மா. வீட்டுக்குள்ளயே ஜெயில் மாதிரி ஆயிடுச்சு."

"கொஞ்ச நேரம் உள்ளயே இருங்கண்ணே. வெளிய வந்துடாதீங்க" என்றான் அவன். அப்புறம் மதிலைப் பார்த்தே, "அந்தச் சின்னக் கிளைங்களை முதல்ல இழுக்கச் சொல்லுங்க" என்றான்.

டெய்லர் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை.

"அம்மா, கிளையை இழுக்கச் சொல்றாரு."

"கயிறு அவரு காலுக்கடியில கெடக்குது. காலை எடுத்தா இழுக்கலாம்னு சொல்லுங்கண்ணே."

"தம்பி, காலை எடுக்கணுமாம்." டெய்லருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "எனக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. தபாலுக்குக் கூலி கேக்க மாட்டேன், சொல்லுங்க" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அவன் கெட்டிக் கால்சட்டையை மாட்டினான், கையுறை போட்டான், வலை முகமூடி வைத்த தொப்பியைத் தலையில் வைத்துக் காது மூடிகளை இழுத்து அமுக்கினான். ரம்பத்தைத் தரையில் வைத்துப் பின்பிடிக்குள் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். இரண்டு இழுப்பு, மூன்றாவதில் மெஷின் உறுமியது. என்ன கோபமிருந்தாலும் இந்த ஒழுங்கில் அவன் குறை வைக்க மாட்டான். ரம்பத்தைத் தோளுக்கு மேல் தூக்கமாட்டான், நுனியால் மரத்தைத் தொடமாட்டான், ஓர் எட்டு நகர்வதானாலும் செயினுக்குப் பிரேக் போடாமல் நகரமாட்டான்.

எப்போதும் ஆரம்பிக்கும் முன் அவன், "டேப் கட்டிட்டியா?" என்று கேட்பான். யாரும் இறங்கிவிடாமல் வேர்க்குழியைச் சுற்றிச் சிவப்பு எச்சரிக்கை டேப்பைக் கட்டிவிட்டு அவள், "ஆச்சு" என்பாள். வேரோடு சாய்ந்த மரத்தில் அதுதான் முதல் வேலை. கிளைப் பாரம் போய்த் தண்டும் அறுபட்டதும் அந்த வேர்ச்சுவர் பழைய இடத்துக்கே திரும்பி உட்கார்ந்துவிடும். குழிக்குள் நாய் இருந்தாலும் சரி, ஆள் இருந்தாலும் சரி, அதற்குத் தெரியாது. அன்றைக்கு அவன் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் அவனே கட்டியிருப்பான் என்று அவள் நினைத்தாள். சொல்லாமலே கட்டியிருப்பாள் என்று அவன் நினைத்தான்.

வெயில் ஏறியது. கிளைகள் ஒவ்வொன்றாகப் போயின. அவள் இழுத்து இழுத்துச் சாலையோரம் குவித்தாள். தோள்பட்டை தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. கேட்டுக்கும் வேருக்கும் நடுவே தண்டை அறுத்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான். அவன் அங்கே போய், தண்டுக்குப் பக்கவாட்டில் காலை அகட்டி நின்று அறுக்கத் தொடங்கினான்.

கடைசிக் கிளையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது சாலையில் தண்ணீர் ஓடிவருவதைப் பார்த்தாள். புயலுக்கப்புறம் முதல் தடவையாகக் குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் போலும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணை ஓட்டினாள். குழியிலிருந்துதான். குழியின் விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு. சுற்றிலும் சிவப்பு டேப்பைக் காணோம்.

மதிலைப் பார்த்தாள். மதில்மேல் தலை இல்லை. கிளைகள் போன சந்தில் நுழைந்து வெளியே வந்திருக்கிறார்.

இரண்டு எட்டு ஓடி எட்டிப் பார்த்தாள். வேர்ச்சுவருக்கு நேர் கீழே, கணுக்கால் அளவு சேற்றில், டெய்லர் குனிந்து நின்று வேர் பிடுங்கி உடைத்த குழாயின் வால்வை ஸ்பானரால் திருகிக்கொண்டிருந்தார். முழங்கை வரை நனைந்திருந்தது.

"அண்ணே! வெளிய வாங்க!"

மெஷின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினாள். அவர் திரும்பவில்லை. காதை மூடியிருக்கிற புருஷனுக்கும் கேட்கவில்லை. அவன் முதுகு அவள் பக்கமாக இருந்தது. ஓடிப்போய்த் தோளைத் தொடலாம். ஆனால் ரம்பம் ஓடும்போது பின்னாலிருந்து யாரும் தொடக்கூடாது. அறுப்பவன் திடுக்கிட்டுத் திரும்பினால் ரம்பமும் கூடவே திரும்பும். அப்படித் திரும்பிய ஒருவனின் தம்பி ஒற்றைக் காலோடு நடப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

குழிக்குள் குதித்து அவரை இழுக்கலாமா? குதித்தால் மேலே இருப்பது இரண்டு பேர் மேலும் விழும்.

சுற்றித்தான் போக வேண்டும். வெட்டிப்போட்ட கிளைகளுக்குள் விழுந்து எழுந்து, ஒரு முட்டி கிழிந்து, மரத்தின் தலைப்பக்கமாக வளைந்து ஓடினாள். அந்தச் சின்னத் தூரம் முடியவே மாட்டேன் என்றது. அவன் கண்ணுக்கு நேரே, ரம்பம் எட்டாத தொலைவில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரேக்கைத் தள்ளி மெஷினை அணைத்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

சத்தம் நின்றதும்தான் மரம் முனகுவது கேட்டது. அறுபட்ட வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

"குழியில ஆளு!" என்றாள்.

அவன் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குழிப்பக்கம் ஓடிக்கொண்டே கத்தினான். "அண்ணே! ஏறுங்க! வெளிய ஏறுங்க!"

"ஒரே ஒரு சுத்து பாக்கி தம்பி. தண்ணி வீணாப் போகுது..."

"யோவ், ஏறுய்யா!"

அந்தக் குரலில் மரியாதை பறந்துபோயிருந்தது. அதுதான் டெய்லரைக் கிளப்பியது. சேற்றில் வழுக்கி, மறுபடி கையை ஊன்றினார். அவன் விளிம்பில் குப்புறப் படுத்து அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். அதற்குள் ஓடிவந்த அவளும் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் சாலையில் வந்து விழுந்த பிறகு தண்டு மடமடவென்று முறிந்தது. வேர்ச்சுவர் அவசரமே இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் படுக்கிற ஆள் மாதிரி, பின்னால் சாய்ந்து குழியை மூடியது. தரை ஒருமுறை அதிர்ந்தது. தண்ணீர் வருவதும் நின்றுபோனது.

டெய்லர் எழுந்திருக்கவில்லை. குழி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்பானர் பக்கத்து வீட்டுக்காரரோடது" என்றார் கடைசியில். அப்புறம் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கேட்டைத் திறந்துகொண்டு அவர் மனைவி ஓடிவந்து அவரைத் தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். தண்டின் மிச்சம் அப்படியே கிடந்தது. ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி கிடைத்திருந்தது. அது போதும்.

அவன் தொப்பியைக் கழற்றினான். முகமெல்லாம் மரத்தூள், அதில் வியர்வை கோடு போட்டிருந்தது.

"டேப்பு?" என்றான்.

"நீங்க கட்டிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் கேக்கல இல்ல."

"நானும் சொல்லல."

 அவன் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, "இன்னைக்கு இதோட சரி. நாளைக்கும் வர மாட்டேன். உடம்பு வேலைக்கு லாயக்கில்ல" என்றான். மறுமுனையில் கத்தினார்கள். கத்தி முடியும் வரை காத்திருக்காமல் அணைத்தான். வண்டிச் சாவியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி ஓட்டினாள்.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூரையில் தார்ப்பாய் ஏறியிருந்தது. தங்கையும் அவள் புருஷனும் எப்படியோ ஏற்றிவிட்டார்கள். தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இது? காலையில வரேன்னவ இப்ப வர்ற! ஊரான் வீட்டுக்கு ஓடுறீங்க, எங்க வீடு மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியாது!"

"அவளைத் திட்டாதம்மா. காலையிலயே வரணும்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல" என்றான் அவன். "இன்னைக்கு ஒரு மனுஷனைக் கொல்லப் பாத்தேன். உங்கக்கா இல்லைன்னா கொன்னுருப்பேன்."

மாமா இப்படிப் பேசித் தங்கை கேட்டதே இல்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவின் கிழிந்த முட்டி அப்போதுதான் கண்ணில் பட்டது. "உக்காருங்க. டீ போடுறேன்" என்று உள்ளே போனாள்.

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். தங்கையிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் அவள் முட்டியில் ஒட்டியிருந்த தூளை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். எரிந்தது. எரியுது என்று சொல்லவும் சோம்பலாக இருந்தது. டீ வருவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.