நாலாம் லைன் டோக்கன்

சந்தனம்மாள் வாயைத் திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மகள் முனீஸ்வரியின் அத்தை பாலாடையை உதட்டருகே கொண்டுபோகும்போதெல்லாம் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. விடிந்ததிலிருந்து இதே கதைதான். போகிற நேரத்தில் இத்தனை பிடிவாதமா என்று அத்தைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“பால் எறங்காமப் போனா சீவன் தவிச்சுக்கிட்டுல்ல கெடக்கும். ஏ முனீசு, நீயாச்சும் ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு.”

முனீஸ்வரி அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். மதுரையில் பார்த்த டாக்டர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். கிட்னி இரண்டும் போய்விட்டன. கையும் காலும் வீங்கிக் கிடக்க, உதடு மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. நோய்க்காக ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீர் என்று அளந்து கொடுத்து வந்தார்கள். அந்த அளவெல்லாம் இனி யாருக்கு?

அம்மா கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தாள். “டோக்கன் வந்துருச்சா?”

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாரிக்கண்ணன் நிமிர்ந்தார். “ஆஸ்பத்திரி நெனப்பாவே கெடக்கா, பாவம்” என்றவர், எழுந்துவந்து மனைவியின் காதோரம் குனிந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுக்காக அவர் வரிசையில் நிற்காத வாரமில்லை.

“வாங்கியாச்சு சந்தனம். டோக்கன் என் கையில இருக்கு. அடுத்து நீதான்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். நீ குடி.”

வாய் திறந்துகொண்டது. பால் இறங்கியது. போதாமல் தண்ணீர் கேட்டாள். கன்றுக்குட்டி குடிக்கிற மாதிரி மடக்கு மடக்கென்று குடித்தாள். அத்தையின் மடிக்குத் தலையை மாற்றிவிட்டு, முனீஸ்வரி மறுபடி செம்பை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் அம்மாவின் தலை சாய்ந்துவிட்டது.

சாவுக்குத் துட்டி கேட்டு வந்தவர்களிடமெல்லாம் மாரிக்கண்ணன் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். “யார் ஊத்துனாலும் குடிக்கல. நான் ஒரு வார்த்தை சொன்னேன், குடிச்சுட்டா.” சொல்லும்போது அந்த மனுசனின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முனீஸ்வரி கேட்டுக்கொண்டு நின்றாள். அம்மா கேட்டது எந்த டோக்கன் என்று அவளுக்குத் தெரியும்.

பாளையம்பட்டிப் பக்கம் இருக்கும் சட்டைக் கம்பெனியில் தாயும் மகளும் ஒரே லைனில் வேலை பார்த்தார்கள். நாலாம் லைன் முழுக்கப் பெண்கள்தான். அத்தனை பேரும் கக்கூஸுக்குப் போய்வர ஒரே ஒரு டோக்கன். நாலு என்று எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, சூப்பர்வைசர் மேசையோர ஆணியில் தொங்கும். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். லோடு ஏற்றும் அவசரம் வந்துவிட்டால் ஆணியிலும் இருக்காது, மேசைக்குள் போய்விடும். மானத்தோடு வேலை பார்க்க அந்தப் பெண்கள் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

அம்மா தினமும் பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோவாள். அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வாசல் கறிவேப்பிலைக்கு ஊற்றுவாள். சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் தழைக்காத ஊரில் அந்தச் செடி மட்டும் கருகருவென்று நின்றது. “வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்புலயும் செடியை மறக்க மாட்டா” என்று மாரிக்கண்ணன் மெச்சிக்கொள்வார். கிட்னி போனதற்கு ஊர்க்காரர்கள் உப்புத் தண்ணீரைக் குறைசொன்னார்கள். நல்லாத் தண்ணி குடிப்பீங்களா என்று டாக்டர் கேட்டபோது அம்மா, “குடிப்போம் சார், கம்பெனியில கேனு வச்சிருக்காக” என்றாள். வெளிநாட்டு ஆட்கள் பார்க்க வந்தால் சொல்லச்சொல்லிப் பழக்கிய பதில் அது. கோட்டுப் போட்டவர் யார் கேட்டாலும் அதுதான் வரும்.

கக்கூஸ் வாசலில் அம்மா மயங்கி விழுந்த அன்று, இடுப்புச் சொருகலில் டோக்கனும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. நர்ஸு மூக்குத்தியோடு சேர்த்து அதையும் கழற்றி முனீஸ்வரியிடம் கொடுத்தாள். மறுநாளே ஆணியில் வேறு வில்லை தொங்கியது. முனீஸ்வரி அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவளையும் கம்பெனி வேன் ஏற விடமாட்டார். அவள் வேன் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே போவது?

மத்தியானம் கம்பெனி வேன் வந்தது. நாலாம் லைன் பெண்கள் இறங்கி, உள்ளே போய் விழுந்து அழுது, மூக்கைச் சிந்திக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஃப்ளோர் இன்சார்ஜ் அசோக் பெரிய ரோஜா மாலையோடு வந்தான். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, முனீஸ்வரியைக் கறிவேப்பிலைச் செடியோரம் கூப்பிட்டான்.

“அந்த டோக்கன் ஒங்கிட்டதான இருக்கு? குடுத்துரு. திங்கக்கெழமை சட்டை வாங்குற வெளிநாட்டு பையர் கம்பெனி ஆளுக வாராக. நம்மகிட்ட டோக்கன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு சொல்லியிருக்கோம். ஊருக்குள்ள யார் கையிலயாச்சும் சிக்கிச்சுன்னா ஆர்டரே போயிரும். ஒனக்கு மட்டுமில்ல, இந்தா உக்காந்திருக்காகளே, இத்தனை பேரு பொழப்பும்தான்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் முனீஸ்வரிக்கு ஆத்திரமாக இருந்தது.

“எந்த டோக்கனு தம்பி? ஆஸ்பத்திரி டோக்கனா?”

அப்பா பின்னால் நின்றிருந்தார். அசோக் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

“கக்கூஸுக்குப் போற டோக்கனுப்பா” என்றாள் முனீஸ்வரி. “அது கையில இருந்தாத்தான் மிஷினை விட்டு எந்திரிக்க விடுவாக. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் அம்மா தண்ணியே குடிக்காது.”

மாரிக்கண்ணன் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார்.

“அப்ப காலையில நான் அவகிட்ட என்னத்தச் சொன்னேன்?”

அவர் போய்ப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வந்தவுகளுக்குத் தண்ணி குடு முனீசு” என்றார்.

முனீஸ்வரி குடத்தில் செம்பால் மொண்டு தங்கலட்சுமியிடம் நீட்டினாள். அம்மாவின் பக்கத்து மிஷின்காரி.

“வேணாம்டி. திரும்பப் போயி மிஷின்ல உக்காரணும்ல.”

அடுத்தவளும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அதற்கடுத்தவள் பார்க்காதது மாதிரித் திரும்பிக்கொண்டாள். வெயில் பந்தலைத் துளைத்துக்கொண்டிருந்தது. எல்லோருடைய உதடும் காய்ந்துதான் இருந்தது.

“எழவு வீட்டுல தண்ணி குடிச்சாத் தீட்டு ஒண்ணும் ஒட்டிக்கிறாது தாயி, குடிங்க” என்றாள் அத்தை, ஒன்றும் புரியாமல்.

முனீஸ்வரி உள்ளே போனாள். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு அதை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்கத் தங்கலட்சுமியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“டோக்கன் இந்தா இருக்குக்கா. குடி.”

தங்கலட்சுமி கையைப் பார்த்தாள். செடியோரம் நின்ற அசோக்கைப் பார்த்தாள். பிறகு செம்பை அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழியக் குடித்தாள். முடித்ததும் டோக்கனைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். செம்பும் டோக்கனும் கைக்குக் கை போயின. குடம் தீர்ந்து அத்தை அடுத்த குடத்தை இறக்கினாள். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

கடைசியாகக் குடித்தவளுக்கு டோக்கனை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. அசோக் கையை நீட்டிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். அதற்குள் மாரிக்கண்ணனும் கையை நீட்டிவிட்டார். அவள் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, அவர் கையில் வைத்தாள்.

அவர் விரல்களை மூடிக்கொண்டு உள்ளே போய் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவளைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் திரும்பி வருகிற கொட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது.

“இந்தா வந்துருச்சு சந்தனம்” என்றார். டோக்கன் அவர் கையில் இருந்தது.