இடக்கை முடிச்சு

பதினேழாம் மாடியில் கடல் நாறியது. நாற்றம் என்று சொன்னால் பல் டாக்டர் எவிலாசியோவுக்குப் பிடிக்காது. "வாசனைன்னு சொல்லும்மா" என்பார். ரெசிஃபி நகரத்தில் கடலைப் பார்த்த வீடு வாங்கும் பணம் இருந்தும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டு, வரவேற்பறையில் தானே அடைத்து வைத்த கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்.

ஆறடி நீளத் தொட்டி. உள்ளே கடலடியில் உடைத்தெடுத்த உயிர்ப்பாறை, பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன், பாறையைச் சுரண்டித் தின்னும் கருப்பு முள்ளுருண்டை ஒன்று. மேலே பழைய விளக்குகள் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிப் புது எல்.ஈ.டி. விளக்கு மாட்டத்தான் வானியா வந்திருந்தாள். முழுப்பெயர் ஜோசிவானியா. அவள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். மீன்வளப் பொறியியல் பட்டம். அந்தப் பட்டத்துக்கு இந்த நாடு கொடுத்த வேலை, பணக்காரர் வீட்டுக் கூரையில் ஓட்டை போடுவது.

"ஏணிய நான் பிடிச்சுக்கறேன், இஞ்சினியரம்மா ஏறட்டும்" என்றார் வால்டோமிரோ, கடை முதலாளி.

"நீங்க ஏறுனா ஏணிதாண்ணே பாவம்."

"பாத்தீங்களா டாக்டர், சம்பளம் குடுக்கறவன இப்படியா பேசறது?"

"உண்மையச் சொல்றா, விடுய்யா" என்றார் டாக்டர், கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்காமல்.

ஊரில் நாற்பது கதவைத் தட்டி, ஒன்றும் திறக்காத சமயத்தில் வேலை கொடுத்தவர் வால்டோமிரோ. "பார்ராவா உன் ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார், சொன்னாள், கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், "நாளைக்கே வா" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை அன்று அவள் கவனிக்கவில்லை.

பழைய விளக்கை இறக்கினாள். அதன் தகட்டில் பன்னிரண்டு வருஷத்து உப்பு பொருக்குத் தட்டியிருந்தது. கூரை உத்தரத்தில் கொக்கி அடித்து, எஃகுக் கம்பியில் மூன்று புது விளக்குகளைத் தொங்கவிட்டு மட்டம் பார்த்தாள். மின்கம்பியைச் சொருகுமிடத்துக்குக் கீழே ஒரு வளையம் தாழ்த்திவிட்டாள். உப்புத் தண்ணீர் கம்பி வழியே வந்தால் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. இதைச் செய்யாமல் வீட்டைக் கொளுத்திக்கொண்டவர்கள் உண்டு.

"முழுசாப் போடு" என்றார் டாக்டர்.

"முழுசாப் போட்டா வெந்துரும் டாக்டர். பழைய வெளிச்சத்துக்குப் பழகின பவளம். முப்பது சதவீதத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்தணும். பல்லப் புடுங்கறதுக்கு முன்னாடி மரத்துப்போக ஊசி போடறதில்லையா?"

"சரி சரி. அந்த நீலத்தையாவது காட்டு."

டாக்டரே எழுந்து போய்த் திரையை இழுத்தார். வெளியே மத்தியான வெயில், அறைக்குள் அந்தி. வானியா கைப்பேசியில் வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் ஏற்றினாள்.

தொட்டிக்குள் இருந்த எல்லாம் உள்ளிருந்து எரியத் தொடங்கின. பழுப்பாகக் கிடந்த பவளம் பச்சையாக, ஆரஞ்சாக. டாக்டர் குழந்தை மாதிரி "ஆ" என்றார். வானியாவுக்கு இது புதிதல்ல. எல்லாப் பவளமும் விரிந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் இருந்த பெரிய பாறையின் அடிவயிற்றில், முள்ளுருண்டை சுரண்டிச் சுத்தம் செய்திருந்த ஒரு பள்ளத்தில், அவள் கண் நின்றது.

அங்கே எரிந்தது பவளம் இல்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கோடு. பாறையைச் சுற்றி வந்து, பவளத்தின் சதைக்குள் புகுந்து, மறுபடி வெளியே வந்து ஒரு முடிச்சில் முடிந்தது. தங்கூசி நரம்பு, தூண்டிலுக்குக் கட்டுவது. மூன்று சுற்று. நுனியில் சிகரெட்டால் சுட்ட குமிழ். சுற்று வலமிருந்து இடமாக ஓடவில்லை. இடமிருந்து வலமாக ஓடியது.

அவள் ஏணியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

பார்ராவில் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு முங்கிப் பாறை உடைக்கிறவர்கள் கொஞ்சப் பேர். சட்டத்துக்கு விரோதமான வேலை; அதனால்தான் கூலி கூட. சாக்குக்குள் அடங்காத பெரிய பாறையை நரம்பால் கட்டித் தனியாக மேலே அனுப்புவார்கள். யார் உடைத்தது என்று தகராறு வராமலிருக்க ஆளுக்கொரு முடிச்சு. மூன்று சுற்றும் சுட்ட நுனியும் ஜெனிவாலுடையது. இடக்கைக்காரன் என்பதால் அது தலைகீழாக ஓடும். ஜெனிவால் அவளுடைய அண்ணன்.

முடிச்சு மட்டும் என்றால் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள். அவன் முடிச்சுப் போட்ட பாறைகள் ஊர் ஊராய் எத்தனையோ தொட்டிகளில் கிடக்கும். அந்த நரம்பு அவள் வாங்கிக் கொடுத்தது. கல்லூரி முதல் வருஷம், உதவித்தொகையில், ஒரே ஒரு சுருள். "கலங்கல்லயும் தெரியும்டா, ஒளிரும்" என்று ஜூன் இருபத்தேழாம் தேதி சாயங்காலம் அவன் கையில் கொடுத்தாள். "படிச்சவ குடுத்த நரம்பு, மீன் தானா வந்து மாட்டும் பாரு" என்று சிரித்தான். மறுநாள் விடிந்தபோது ஆள் இல்லை.

ஒன்பது வருஷம்.

ஜெனிவாலை முங்கக் கூட்டிப்போகும் படகுக்காரன் அமாரோ கோயில் வாசலில் நின்று சொன்னான்: "இராயப்பர் திருநாளுக்கு முந்தின நாள் எவனாவது கடல்ல எறங்குவானா? என் படகு மணல்ல கெடந்துச்சு. எம் பொண்டாட்டி காகிதப் பூ கட்டிக்கிட்டிருந்தா. ஒங்க பையன் எவளையோ இழுத்துக்கிட்டு சாவோ பாலோவுக்கு ஓடிட்டான், போங்க." ஊரே தலையாட்டியது. மீனவரின் காவலர் இராயப்பர். அவர் நாளுக்கு முன்னால் கடலில் இறங்கினால் கடல் ஆளை எடுத்துக்கொள்ளும் என்பது பார்ராவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் செய்யமாட்டார்கள் என்பதால், அமாரோ செய்யவில்லை என்று ஆயிற்று.

அமாரோ விடியுமுன் ஜெனிவாலோடு போய், ஊர் காப்பி குடிக்குமுன் திரும்பியிருக்கிறான். பாறையோடு மட்டும் திரும்பியிருக்கிறான்.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்றார் டாக்டர்.

"இந்தப் பாறை எப்ப வந்துச்சு?"

"நடுவுல இருக்கறதா? அதான் இப்ப எல்லாத்துக்கும் அஸ்திவாரம். ஒம்பது வருஷம் இருக்கும், ஜூன் மாசம். வெளியில திருநாள் வெடியா வெடிக்குது, மீனெல்லாம் பயந்து துள்ளுது, இவன் நனைஞ்ச சாக்கச் சுத்தித் தூக்கிட்டு வந்தான். ஞாபகம் இருக்காய்யா?"

வால்டோமிரோ ஏணியைப் பிடித்தபடியே நின்றார். ஏணியில் யாரும் இல்லை.

லிப்டில் இறங்கும்போது அவள் வால்டோமிரோவைக் கேட்டாள். "அமாரோதான குடுத்தான்?"

"ஃபோன் பண்ணான். ஒடனே வந்து எடுத்துட்டுப் போன்னான். பாதி வெலை."

"ஏன் பாதி வெலைன்னு கேக்கலயா?"

"கேக்கல."

"ரெண்டு நாள் கழிச்சு எங்கம்மா கடற்கரையில நின்னு கத்துனது கேட்டுச்சா?"

"வானியா, கல்லு ஈரமா இருந்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்தத நான் கேக்கல."

"அதனாலதான் எனக்கு வேல குடுத்தியா?"

பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று எண்கள் இறங்கின. அவன் ஷூவைப் பார்த்தான். அவனை அண்ணே என்று கூப்பிடுவது அன்றோடு போயிற்று.

பார்ராவுக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அம்மா கிதேரியா அடுப்படியில் இருந்தாள். மேசையில் தட்டு மூடியிருந்தது: பீன்ஸ், மரவள்ளி மாவு, பொரித்த மீன். ஜெனிவாலின் தட்டு. தினமும் மத்தியானம் வைத்து, சாயங்காலம் நாய்க்குப் போடுவாள். ஒன்பது வருஷமாக வீட்டு நாய் நன்றாகச் சாப்பிட்டது. முதல் நாய் செத்து இப்போது இரண்டாவது நாய்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முழுகிப்போனவன் உடல் கிடைக்காவிட்டால், சுரை ஓட்டில் மெழுகுவத்தி ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். ஆள் எங்கே கிடக்கிறானோ அங்கே ஓடு நிற்கும். அம்மா மூன்று நாள் விட்டாள். மூன்று நாளும் ஓடு எங்கும் நிற்காமல் கடலுக்குள் போய்விட்டது. நிற்கவில்லை என்றால் ஆள் தண்ணீரில் இல்லை. இல்லை என்றால் எங்கோ உயிரோடு இருக்கிறான். அதனால் பூசை இல்லை, கறுப்புத் துணி இல்லை. தட்டு. குளிர்பெட்டி மோட்டார் ஓடி நிற்கிற ஒவ்வொரு தடவையும் அம்மா தலையைத் தூக்குவாள். காற்றுக்குழாய் எந்திரம் நிற்கிற சத்தமும் அப்படித்தான்; அது நின்றால் முங்கினவன் மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

வானியா கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"நரம்பு ஆயிரம் பேரு வாங்கிருப்பான்."

"முடிச்சு?"

"ஒலகத்துல அவன் ஒருத்தன்தான் இடக்கையா?"

"அம்மா, அண்ணன் செத்துட்டான்மா."

"ஒன் படிப்பு சொல்லுது" என்றாள் அம்மா. "ஓடு சொல்லட்டும்."

டாக்டரிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லி, அம்மா தொட்டியில் ஓடு விடலாமா என்று கேட்டாள். பாறையைக் கேட்கவில்லை, அதை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும் என்று அவளுக்கே தெரியும். அவர் கொஞ்சம் இருமிவிட்டு, "கூட்டிட்டு வா. மெழுகு மட்டும் தண்ணியில சிந்தக் கூடாது" என்றார். பணக்காரனுக்கு அவ்வளவு தெரிந்ததே பெரிது.

பஸ்ஸில் அம்மா மடியில் சுரை ஓட்டை வைத்துக்கொண்டு வந்தாள். வானியாவுக்கு ஒரு திட்டம் இருந்தது. தொட்டியில் நீரைச் சுழற்றுகிற இரண்டு பம்புகளும் அவள் கைப்பேசிக்குக் கட்டுப்பட்டவை. மிதக்கிற எதுவும் இடது பின்மூலைக்குத்தான் போகும்; நுரையெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். ஓடு பாறைக்கு மேலே வரும்போது பம்பை நிறுத்திவிட்டால் அங்கேயே நிற்கும். அம்மாவை ஏமாற்றுவதுதான். அம்மாவை ஒன்பது வருஷம் அமாரோ ஏமாற்றவில்லையா, ஊர் ஏமாற்றவில்லையா. ஒரு தடவை மகள் ஏமாற்றினால் என்ன? பட்டத்துக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்.

டாக்டர் திரையை இழுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சட்டையை மாற்றி, தலை சீவியிருந்தார். அம்மா செருப்பைக் கழற்றினாள். வானியா விளக்குகளைக் கம்பியில் மேலேற்றி இடம் செய்தாள், வெறும் நீலத்தை வைத்தாள். பாறை அடியில் முடிச்சு எரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். வத்தியைப் பற்றவைத்து, ஓட்டைத் தண்ணீரில் விட்டாள்.

ஓடு ஒரு சுற்றுச் சுற்றியது. முன்கண்ணாடியை ஒட்டி வலப்பக்கம் போய், பின்னால் திரும்பி, இடது மூலையைப் பார்த்து வேகமெடுத்தது. வானியா கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு சாண். அரைச் சாண்.

ஓடு நின்றது.

அவள் அழுத்தவில்லை. பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன, உறுமல் கேட்டது, பவளக் கைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின, மீன்கள் எதிர்த்து நீந்தின, தண்ணீரின் மேல்தோல் நெளிந்து நெளிந்து ஓட்டைத் தாண்டிப் போயிற்று. ஓடு மட்டும் ஆணி அடித்த மாதிரி பாறைக்கு மேலே. மெழுகுவத்திச் சுடர் நேராக நின்றது.

"வந்துட்டியா" என்றாள் அம்மா. வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கேட்கிற குரலில் கேட்டாள். பிறகு தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். "குளுருதாடா?"

டாக்டர் அறையை விட்டுப் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று வானியாவுக்குத் தெரியாது. வத்தி பாதி உருகியிருந்தபோது அம்மா, "வெளக்க அணை. தூங்கட்டும்" என்றாள். வானியா அணைத்தாள். இருட்டிய பிறகும் அந்த முடிச்சு மட்டும் கொஞ்ச நேரம் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது என்று அம்மா பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். இந்த மாதிரி நரம்பு அப்படி எரியாது. விளக்கு போனால் அதுவும் போகும். ஆனால் வானியாவும் பார்த்தாள்.

மறுநாள் அம்மா தட்டு வைக்கவில்லை. நாய் மேசைக்கடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அம்மா கறுப்பு உடுத்திக்கொண்டு, இராயப்பர் திருநாள் ஊர்வலத்தில், சுரூபத்தைத் தூக்கிவந்த அமாரோவுக்கு முன்னால் போய் நடுத்தெருவில் நின்றாள். கத்தவில்லை. "படகு மணல்ல கெடந்துச்சுன்னு இவரப் பாத்துச் சொல்லு" என்று சுரூபத்தைக் காட்டினாள். அமாரோ வாயைத் திறந்தான். ஊர் காத்திருந்தது. பட்டாசுச் சத்தம்கூட நின்றது. அவன் தோளிலிருந்த பல்லக்குத் தண்டு சரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் பாய்ந்து இராயப்பரைப் பிடித்துக்கொண்டார்கள். அமாரோவை யாரும் பிடிக்கவில்லை.

காவல் நிலையத்துக்கான மனுவை வானியா எழுதினாள். வால்டோமிரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான். "மன்னிச்சுட்டியா?" என்று கேட்டான். "பேனாவக் குடு" என்றாள். வேலையையும் அன்றே விட்டாள்.

ஆனாலும் அடுத்த வாரம் பதினேழாம் மாடிக்குப் போனாள். வெளிச்சம் ஏற்றுகிற வேலையைப் பாதியில் விடக்கூடாது. பவளம் என்ன பாவம் செய்தது. முப்பதை முப்பத்தைந்தாக்கினாள். டாக்டர் காப்பி எடுத்துவர உள்ளே போனபோது, பையிலிருந்து ஒரு பாட்டில் தக்கையை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். தக்கை சுற்றி வந்து இடது பின்மூலைக்குப் போயிற்று. எடுத்து மறுபடி போட்டாள். மூலைக்குப் போயிற்று. அம்மாவின் ஓட்டையே கொண்டுவந்திருந்தாள், அதையும் விட்டுப் பார்த்தாள். வத்தி ஏற்றியும் விட்டாள். பத்துத் தடவை. பத்துத் தடவையும் பாறையைத் தாண்டி, ஒரு கணம்கூடத் தயங்காமல், மூலையில் நுரையோடு போய் ஒதுங்கியது.

ஓட்டைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். டாக்டர் நீட்டிய காப்பியை வாங்காமல், தொட்டியைப் பார்த்து, "அடுத்த வாரம் வரேன்" என்றாள்.

"சரிம்மா" என்றார் டாக்டர்.

ஓடு அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று அவரிடம் அவள் சொல்லவில்லை.