லைவ்ல மூணாவது ஓலை

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுறதுக்குள்ளயே சகாய பிரியாவோட போன் காய்ச்சல் கண்ட புள்ளை மாதிரி கொதிச்சுது. நாலு வருஷத்துப் போன். உள்ள இருக்கிற இடம் பூரா குடும்ப குரூப்புல வந்த குட்மார்னிங் ரோஜாப்பூவும், சொந்தக்காரப் புள்ளைங்க மொட்டை போட்ட போட்டோவும். இதுல லைவ் வீடியோ ஓடணும்னா கொஞ்சமா பேஜாரா? ஆனா இன்னைக்கு ஓடியே ஆகணும். ஓடலைன்னா அவ உயிரே போயிடும்.

விஷயம் இதுதான். திண்டிவனத்துல அவங்க பங்குக் கோயில்ல ஒம்பது மணிப் பூசை, அதைத்தான் லைவா போடுறாங்க. பூசை முடியற நேரத்துல ஃபாதர் கல்யாண ஓலை வாசிப்பார். இன்னாரோட மகனுக்கும் இன்னாரோட மகளுக்கும் கல்யாணம் நடக்கப்போகுது, தடை எதுனா இருந்தா தெரிஞ்சவங்க சொல்லணும், அப்படின்னு. மூணு ஞாயிறு வாசிக்கணும். ரெண்டு முடிஞ்சுது, இன்னைக்கு மூணாவது. ஆனா பிரியா வீட்டு வழக்கத்துல, ஓலை வாசிக்கும்போது பொண்ணு அந்தக் கோயில்ல இருக்கக் கூடாது. கேட்டா, வெக்கமாம். யாருக்கு வெக்கம்னு கேட்டா எவரும் பதில் சொல்லமாட்டாங்க. அதனால சனிக்கிழமை சனிக்கிழமை அவளை விழுப்புரத்துல பெரியம்மா வீட்டுக்குப் பார்சல் பண்ணிடுவாங்க. மறுநாள் அங்க முதல் பூசை பார்த்துட்டு ஒம்பதரை பஸ்ல திரும்புவா.

முதல் ரெண்டு வாரம் கவலையில்லாமத்தான் போச்சு. போன வியாழக்கிழமை வந்தது வம்பு. அவளோட தாய்மாமன் தேவசகாயம் டீக்கடையில நின்னுக்கினு ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டாராம்: "என்னை ஒரு வார்த்தை கேக்காமத்தானே நிச்சயம் பண்ணாங்க? மூணாவது ஓலை வாசிக்கட்டும். நடுக்கோயில்ல எழுந்து நிக்கிறேன், பாரு."

பிரியாவோட அப்பா ஞானராஜ் தங்கமான மனுஷன். ஆனா மச்சான் இருமினாலே இவர் மாத்திரை தேடுவார். அம்மா அருள்ராணி இறந்து ஆறு வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து அம்மா வீட்டு ஆளுங்க வாயைத் தொறந்தா அப்பா வாயை மூடிக்குவார். சபையில மாமா ஒரு தடை சொல்லிட்டார்னா, அப்பா "கொஞ்சம் ஆறப்போடலாம்மா"ன்னுடுவார். அவர் ஆறப்போட்ட எந்தக் காரியமும் மறுபடி சூடானதா சரித்திரம் இல்லை. கூட்டேரிப்பட்டுல மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கிற ஆண்டோவும் அவளும் மூணு வருஷம் காத்துக் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கின சம்மதம் அது. அது இப்ப மாமாவோட முழங்காலை நம்பிக்கினு நின்னுது. அவர் எழுந்தா போச்சு.

முண்டியம்பாக்கம் வரைக்கும் வீடியோ சமத்தா ஓடிச்சு. அப்புறம் வட்டம் சுத்த ஆரம்பிச்சுது. ஃபாதர் நன்மை கொடுக்க அப்பத்தோட கையை நீட்டினார், நீட்டின கை நீட்டினபடியே நின்னுது. பிரியா போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக் காத்து காட்டினா. மத்த எல்லாத்தையும் மூடினா. படத்தோட தரத்தைக் குறைச்சுக்கினே போய் 144-ல வெச்சா. ஓடிச்சு, ஆனா கோயில் முழுக்க கட்டம் கட்டமா மனுஷங்க. மூணாவது வரிசையில பளபளன்னு ஒரு மஞ்சள் கட்டம் தெரிஞ்சுது. அது மாமாவோட வழுக்கையாத்தான் இருக்கணும்.

"இன்னாம்மா, போனுக்கு விசிறிக்கினு வர்றே?" பக்கத்துல மல்லாட்டைக் கடலை மூட்டையை மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்த அம்மா கேட்டுது. பனமலைப் பக்கத்து ஆளு, வீரம்மாள்னு பேரு. திண்டிவனத்துல கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போகுது.

பிரியாவுக்கு அடக்க முடியலை. மாமா, ஓலை, தடை, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டா.

"அடி ஆத்தீ!" வீரம்மாள் இடுப்புப் பையை அவிழ்த்து, பாலிதீன் கவரைப் பிரிச்சு, பளிச்சுன்னு ஒரு புதுப் போனை எடுத்தாங்க. "என் மவன் வாங்கிக் குடுத்தது. ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபியாம். நான் ஒருநாளும் தொட்டதில்ல. மல்லாட்டை காயப்போட்ட மாதிரி சும்மாதான் கெடக்குது. போடு இதுல."

போட்டா பாருங்க, கண்ணாடி மாதிரி படம்! ஃபாதரோட அங்கியில பூ வேலை தெரியுது. மாமாவோட சட்டை பட்டன் தெரியுது. அதுமட்டுமில்லை, இதுல நன்மை கொடுத்து முடிச்சு ஃபாதர் மைக் முன்னாடி வந்து பேப்பரைப் பிரிச்சுக்கினு இருக்கார். பிரியா போன்லயோ இன்னும் வரிசை நகர்ந்துக்கினு இருக்கு. நின்னு நின்னு ஓடுற போன்ல லைவ் பின்தங்கிக்கினே போகும்னு ஆண்டோ ஒருதரம் சொன்னது அப்பதான் அவளுக்குப் புரிஞ்சுது. ஒரு மடியில ரெண்டு நேரம் ஓடுது.

"கண்டக்டர் அண்ணே, கொஞ்சம் பாட்டை நிறுத்துப்பா, இங்க ஒரு பொண்ணு வாழ்க்கை ஓடிக்கினு இருக்குது!" வீரம்மாள் போட்ட சத்தத்துல கண்டக்டர் தென்னரசு பாட்டை நிறுத்திட்டு அவரே வந்து கம்பியைப் புடிச்சுக்கினு குனிஞ்சார். பின் சீட்டுக்காரங்க எழுந்து நின்னாங்க. விக்கிரவாண்டியில ஏறினவங்க எதுக்குன்னு தெரியாமலே எட்டிப் பார்த்தாங்க.

ஃபாதர் வாசிச்சார். சகாய பிரியா பேர் வந்தப்ப பஸ்ல நாலு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தாங்க. அவளுக்குக் காது சிவந்து போச்சு. "இத்திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள்..."

புதுப் போன்ல மாமா எழுந்துட்டார்.

"ஐயோ!" பிரியா சட்டுன்னு அந்தப் போனைக் கையால மூடிட்டா. மூடிட்டு இன்னா பண்ணா தெரியுமா, தன்னோட ஓட்டைப் போனை எடுத்து மூக்குக்கிட்ட வெச்சுக்கினா. அதுல மாமா இன்னும் சாதுவா உக்காந்துக்கினு இருந்தார். வழுக்கை ஆடலை, அசையலை. இவ்ளோ நேரம் திட்டித் தீர்த்த வட்டத்தைப் பார்த்து இப்ப அவ, "சுத்து ராசா, சுத்திக்கினே இரு"ன்னு கெஞ்சினா.

"கையை எடும்மா!" பஸ்ஸே கத்திச்சு. டிரைவர்கூட கண்ணாடியில பார்த்து, "இன்னா ஆச்சு, ஜல்தி சொல்லுங்கப்பா"ன்னார். வீரம்மாள் அவ விரலை ஒவ்வொண்ணா விலக்கினாங்க.

அங்க கேமராவே ஆடிக்கினு இருந்தது. மாமா மைக்கைக் கேக்கலை, அவருக்கு எதுக்கு மைக்?

"ஃபாதர், எனக்குத் தடை இருக்குது. மூணு வாரமா காதைத் தீட்டிக்கினு கேக்குறேன். மாப்பிள்ளைக்கு அப்பா பேரு இருக்குது, அம்மா பேரு இருக்குது. எங்க புள்ளைக்கு அப்பா பேரு வருது, அம்மான்னு வரும்போது காலஞ்சென்றன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தாண்டிப் போயிடறீங்க. எங்கக்கா செத்துட்டா, சரி. அவ பக்கம் ஆளே இல்லையா? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கேனே! என் பேரையும் சேர்த்துப் படிங்க. தாய்மாமன் இல்லாத பொண்ணைக் கட்டினவன்னு நாளைக்கு என் மாப்பிள்ளை ஆண்டோவை எவனும் சொல்லிடக் கூடாது."

சொல்லிட்டு உக்காரலை. கையைக் கட்டிக்கினு நின்னார். ஓலையில தாய்மாமன் பேர் வாசிக்கிற வழக்கம் எந்த ஊர்லயும் கிடையாதுன்னு ஃபாதருக்குத் தெரியும். ஆனா அவர் சிரிச்சுக்கினே பேனாவை எடுத்தார், எழுதினார், முதல்லேர்ந்து படிச்சார். "... ஞானராஜ், காலஞ்சென்ற அருள்ராணி, தாய்மாமன் தேவசகாயம் இவர்களின் அன்பு மகள்..." கோயில்ல கைதட்டல். பஸ்ல விசில். தென்னரசு நிஜ விசிலையே ஊதிட்டார், டிரைவர் பதறிப்போய் பிரேக்கை மிதிச்சார், மல்லாட்டை மூட்டை உருண்டு போச்சு.

பிரியா அழுதா, சிரிச்சா, ரெண்டையும் சேர்த்துப் பண்ணா. கொஞ்சம் கழிச்சு அவளோட பழைய போன்லயும் மஞ்சள் கட்டம் மெல்ல எழுந்துது. எல்லாம் தெரிஞ்சிருந்தும் அவ வீரம்மாள் கையைக் கெட்டியா புடிச்சுக்கினா. மறுபடி முதல்லேர்ந்து கேட்டா, மறுபடி அழுதா. ஒரே சந்தோஷத்தை ரெண்டு தரம் அனுபவிக்கிற கொடுப்பினை வேற யாருக்குக் கிடைக்கும்!

பஸ் கூட்டேரிப்பட்டுல நின்னுது. ஆண்டோ கடை வாசல்லயே நின்னுக்கினு இருந்தான். ஒரு கையில போன், ஒரு கை தலைமேல. முகத்துல ரத்தமே இல்லை. பிரியாவுக்குப் பக்குனு ஆச்சு. பையைக்கூட எடுக்காம தடதடன்னு இறங்கி ஓடினா.

அவன் போன்ல மாமா எழுந்து நின்னபடி உறைஞ்சிருந்தார்.

"சிக்னல் இல்லையா?" அவ மெதுவா கேட்டா.

ஆண்டோ நிமிர்ந்தான். "அஞ்சு கோடு நிக்குது பிரியா. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். அதுக்கு மேல பார்க்கத் தைரியம் இல்ல."

ஊர் போனுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற ஆளு! பிரியாவுக்குச் சிரிப்பு பீறிக்கினு வந்துது, பல்லைக் கடிச்சு அடக்கினா. அவன் தோள்ல தாடையை வெச்சுக்கினு, ஒத்தை விரலால படத்தைத் தட்டி ஓட விட்டா. மாமா பேச ஆரம்பிச்சார். 'என் மாப்பிள்ளை ஆண்டோ'ங்கிற இடம் வந்ததும் அவன் அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டான். ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சினான். அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ரெண்டு தரம் பார்த்துட்டேன்."

"தெரிஞ்சுமாடி சொல்லாம நின்னே? என் உயிரே போயிடுச்சு!"

"நான் மட்டும் தனியா பயந்தா அது என்ன கல்யாணம்?"

பின்னால பஸ் ஹாரன் அடிச்சுது. தென்னரசு படிக்கட்டுல தொங்கிக்கினு, "ஏறுறீங்களா இல்லையா?"ன்னு கத்தினார். பிரியா ஆண்டோ கையைப் புடிச்சு இழுத்தா.

"கடையைச் சாத்து. முதல்ல மாமா வீடு. நாங்க கல்யாணம் பண்ணிக்கலாமா மாமான்னு நேர்ல கேக்கணும்."

"அவர்தான் சொல்லிட்டாரே!"

"சொன்னாரு. நாமதான் இன்னும் கேக்கலை."